பூ வேண்டும், செடி வேண்டாமா?

தை மாதம் நெருங்கினால் ஒரு செய்தி தவறாமல் வரும். "மல்லிகைப் பூ விலை கிடுகிடு உயர்வு!" என்பதுதான் அது. மதுரை மாட்டுத்தாவணியில் என்ன விலை, நிலக்கோட்டையில் என்ன விலை, தோவாளையில் என்ன விலை என்று கணக்கும் கூடவே வரும். கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது என்பார்கள். அதற்கு மேலும் பல மடங்கு ஏறிய நாட்கள் உண்டு.

சித்திரை பிறந்துவிட்டால் செய்தி தலைகீழாக மாறும். பூ குவிந்து கிடக்கிறது. வாங்க ஆள் இல்லை. பறிகூலிக்குக் கூடக் கட்டவில்லை என்று விவசாயி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார்.

அதே செடி. அதே பூ. ஆறு மாதத்துக்குள் ஏன் இந்த ஏற்ற இறக்கம்?

வியாபாரியைத் திட்டுவது சுலபம். ஆனால் இதில் வியாபாரியின் பங்கு கொஞ்சம்தான். குண்டுமல்லி வெயிலுக்குப் பிறந்த செடி. மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் மொட்டு விடத் தொடங்கும். பங்குனி முதல் ஆனி வரை பூத்துத் தள்ளும். மார்கழிப் பனியில் சுருங்கி உட்கார்ந்துவிடும். நமக்கோ பொங்கலும், தைப்பூசமும், தை மாதத்து முகூர்த்தங்களும் அந்தப் பனிக் காலத்தை ஒட்டித்தான் வருகின்றன. செடி தூங்கும்போது நாம் பூக் கேட்கிறோம். செடி கொட்டிக் கொடுக்கும்போது நமக்குத் தேவை குறைவாக இருக்கிறது. விலை இப்படி ஆடுவதற்கு இதுவே முக்கியமான காரணம்.

இது எத்தனை பேருக்குத் தெரியும்? படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மல்லிகை எந்த மாதத்தில் பூக்கும் என்று கேட்டால் விழிப்பார்கள். பூவின் விலை தெரியும். பூவின் பருவம் தெரியாது. பூவை மட்டும் கடையில் பார்த்தவர்கள் நாம். செடியைப் பார்த்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது!

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். வெயில் படுகிற இடம் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குண்டுமல்லிச் செடி இருக்க வேண்டும். தோட்டம் வேண்டாம். கொல்லைப்புறம் வேண்டாம். ஒரு தொட்டி போதும்.

கிணற்றடி போயிற்று, செடியும் போயிற்று

முன்பு வீட்டுக்குப் பின்னால் கிணறு இருந்தது. குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் ஒரு வாய்க்காலில் ஓடும். அந்த வாய்க்கால் ஓரத்தில் வாழை நிற்கும். அதை ஒட்டி ஒரு நந்தியாவட்டை, ஒரு செம்பருத்தி, ஒரு பவழமல்லி, வேலியில் படர்ந்த முல்லை. யாரும் அதற்கென்று தனியாகப் பாடுபடவில்லை. வீட்டுக் கழிவு நீரிலேயே அவை வளர்ந்தன. சாமிக்கும் பூ கிடைத்தது. பெண் பிள்ளைகளின் சடைக்கும் பூ கிடைத்தது.

இப்போது கிணறு இல்லை. கழிவு நீர் குழாயில் போகிறது. வீட்டைச் சுற்றி சிமெண்டு. நாலாவது மாடியில் குடியிருப்பவர் செம்பருத்திக்கு எங்கே போவார்? இது நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்த நாலாவது மாடிக்குப் போய்ப் பாருங்கள். வாசற்கதவில் பிளாஸ்டிக் கொடி தொங்கும். வரவேற்பு மேஜையில் பிளாஸ்டிக் ரோஜா. சுவரில் தாத்தா படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை. அதன்மேல் ஆறு மாதத் தூசி! வருடம் ஒரு முறை மே மாதத்தில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய் மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு வருவார்கள். 1848-ம் ஆண்டில் ஏற்பட்ட தாவரவியல் பூங்கா அது. பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கே பூவோடு நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தவர் வீட்டில் ஒரு செடி கூட இல்லை என்றால் அது என்ன ஆசை?

எல்லாச் செயற்கைப் பூவையும் நான் குறை சொல்லவில்லை. பரத நாட்டியம் கற்கும் பிள்ளைகள் மேடைக்கு மேடை உண்மையான மல்லிகை வாங்க முடியாது. ஆடும்போது உதிரவும் செய்யும். அவர்கள் செயற்கைச் சரம் வைத்துக்கொள்வதில் தவறு இல்லை. நாள் முழுவதும் வீட்டில் இருந்துகொண்டு, வெயில் விழுகிற பால்கனியையும் வைத்துக்கொண்டு, அங்கே பிளாஸ்டிக் கொடியைக் கட்டித் தொங்கவிடுவதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

விதை இல்லாத குடும்பம்

மல்லிகை என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். அது ஒரு பெரிய குடும்பம்.

குண்டுமல்லிதான் மூத்தவள். மதுரை மல்லி என்று பெயர் வாங்கியது இதுதான். 2013-ம் ஆண்டில் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதாவது, மதுரை வட்டாரத்தில் விளைந்த பூவைத்தான் அந்தப் பெயரில் விற்கலாம் என்று சட்டப் பாதுகாப்பு. இதழ் தடித்து இருக்கும். மொட்டு உருண்டையாக இருக்கும். அதனால்தான் வாடாமல் தாக்குப்பிடிக்கிறது.

முல்லை மெலிந்த மொட்டு. பிச்சிப் பூவைச் சில ஊர்களில் ஜாதிமல்லி என்பார்கள். மொட்டின் முதுகில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். காக்கட்டான் வாசனையில் ஏழை. ஆனால் குண்டுமல்லி கிடைக்காத நாட்களில் கை கொடுப்பது அதுதான்.

நம் ஊர்க் குண்டுமல்லி நமக்கு மட்டும் சொந்தமல்ல. பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மலர் இதே பூதான். 1934-ம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டார்கள். இந்தோனேசியாவும் 1990-ல் இதைத் தேசிய மலராக ஏற்றது. சீனாவில் இந்தப் பூவைத் தேயிலையோடு கலந்து வைத்து, வாசனை ஏறியதும் பூவைச் சலித்து எடுத்துவிடுகிறார்கள். அதுதான் மல்லிகைத் தேநீர். நாம் தலையில் வைப்பதை அவர்கள் கோப்பையில் வைக்கிறார்கள்!

இதில் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. குண்டுமல்லியை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. கிளையை வெட்டி நடுகிறார்கள். அல்லது கிளையை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியன் போடுகிறார்கள். வேர் விட்டதும் வெட்டி எடுத்து வேறிடத்தில் வைக்கிறார்கள். ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் என்ற ஊர் இருக்கிறது. மல்லிகை நாற்றுக்குப் பேர் போன ஊர். அங்கே மணல் நிலத்தில் வேர் விட்ட கன்றுகள்தான் கட்டுக் கட்டாகப் பல மாவட்டங்களுக்குப் போகின்றன.

இதன் பொருள் என்ன? உங்கள் வீட்டில் நிற்கும் செடி இன்னொரு செடியின் கை. அந்தச் செடி அதற்கு முந்திய செடியின் கை. எத்தனை தலைமுறைக்கு முன்னால் போனாலும் யாரோ ஒருவர் ஒரு கிளையை வெட்டி இன்னொருவரிடம் கொடுத்திருக்கிறார். மா மரமாக இருந்தால் கொட்டை விழுந்த இடத்தில் தானே முளைக்கும். நம் குண்டுமல்லி அப்படி வராது. மனிதன் கை கொடுத்தால்தான் அதற்கு அடுத்த தலைமுறை. எல்லோரும் வாங்குகிறவர்களாக இருந்து, நடுகிறவர்கள் குறைந்துகொண்டே போனால், இந்தப் பூ யாரை நம்பி இருக்கும்?

வளர்ப்பது எப்படி?

கஷ்டமான வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் பிடிவாதம் வேண்டும்: வெயில், கத்தரி.

முதலில் வெயில். தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படவேண்டும். நிழலில் வைத்தால் செடி சாகாது. பச்சைப் பசேலென்று இலை விடும். நீளமாக வளரும். பூ மட்டும் வராது. "எங்கள் வீட்டில் மூன்று வருடமாக இருக்கிறது, பூக்கவே இல்லை" என்பவர்களைக் கேட்டால், பெரும்பாலும் செடி ஜன்னலுக்கு உள்ளே இருக்கும். மொட்டை மாடி இதற்கு நல்ல இடம்.

தொட்டி ஓரடி அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அடியில் ஓட்டை அவசியம். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். களிமண் ஆகாது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மேல் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். வீட்டில் நாலு பேர் இருந்து, நாலு பேரும் ஆளுக்கு ஒரு செம்பு ஊற்றினால், அந்தச் செடி அன்பினாலேயே செத்துப்போகும். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு ஒருவருக்கே இருப்பது நல்லது.

இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்து போதவில்லை என்று அர்த்தம். நாட்டு மருந்துக் கடையிலோ, உரக் கடையிலோ அன்னபேதி உப்பு கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கரைத்து இலையில் தெளித்தால் தேறிவிடும். மாதம் ஒரு முறை கடலைப் புண்ணாக்கை ஊற வைத்த தண்ணீரை நன்றாக நீர்த்து ஊற்றலாம். டீத்தூள் போடுகிறவர்கள் பாலும் சர்க்கரையும் போகக் கழுவிப் போடுங்கள். இல்லாவிட்டால் செடிக்கு முன்னால் எறும்புக்குத்தான் விருந்து.

இனி கத்தரி. இதைத் தோட்டக்காரர்கள் கவாத்து என்பார்கள். குண்டுமல்லிக்குக் கார்த்திகையில், அதாவது நவம்பர் கடைசியில் செய்ய வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு மேலே உள்ளதையெல்லாம் வெட்டிவிட வேண்டும். காய்ந்த குச்சி, நோய் பிடித்த குச்சி, உள்ளே குறுக்காக ஓடும் குச்சி எல்லாம் போகட்டும். தொட்டிச் செடியானால் இன்னும் கொஞ்சம் குறைத்தும் வெட்டலாம். முல்லைக்கு ஜனவரி கடைசி. பிச்சிக்கு டிசம்பர் கடைசி.

வெட்ட மனம் வராது. பிள்ளைக்கு முதல் மொட்டை அடிக்கும்போது தாய்க்கு வருகிற சங்கடம் இதிலும் வரும். ஆனால் மல்லிகையின் சுபாவம் அப்படி. புதிதாக வரும் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய குச்சி எத்தனை நீளமாக வளர்ந்தாலும் பிரயோசனம் இல்லை. வெட்டினால் பக்கத்துக்குப் பக்கம் தளிர் வரும். ஒவ்வொரு தளிரும் ஒரு கொத்து மொட்டு. ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் அந்த நுனிகளைக் கிள்ளிவிட்டால் அடுத்த சுற்று சீக்கிரம் வரும்.

பூச்சிகளும் வரும். மொட்டில் சிறு துளை இருந்து, மொட்டு ஊதா நிறமாக மாறியிருந்தால் உள்ளே மொட்டுப்புழு இருக்கிறது. அந்த மொட்டைக் கிள்ளி அழித்துவிடுங்கள், தொட்டியிலேயே போடாதீர்கள். இலையின் அடிப்பக்கத்தில் நூலாம்படை போல் தெரிந்தால் செம்பேன். தண்ணீரை வேகமாக அடித்தாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்பும் கலந்து மாலை வேளையில் தெளிக்கலாம். விஷ மருந்து வீட்டுச் செடிக்கு வேண்டவே வேண்டாம். பிள்ளையின் தலையில் ஏறுகிற பூ அது.

பறிப்பதும் பாதுகாப்பதும்

மல்லிகையின் நிறம் வெள்ளை. மலர்வது அந்தியில். இரவில் பறக்கும் அந்துப் பூச்சிகளை அழைப்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு இது. இருட்டில் தெரிய வெள்ளை நிறம். தூரத்தில் இருந்தே இழுக்க வாசனை.

நாம் என்ன செய்கிறோம்? அன்று மாலை மலரப் போகிற மொட்டை அன்று காலையிலேயே பறித்துவிடுகிறோம். பறித்த பிறகும் மொட்டுக்கு உயிர் இருக்கிறது. மாலை ஆனதும் கூந்தலில் இருந்தபடியே விரிகிறது, வாசனை விடுகிறது. எல்லாப் பூவுக்கும் இந்தக் குணம் கிடையாது.

ஆகவே எந்த மொட்டைப் பறிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நன்றாகப் பருத்து, பால் போல் வெளுத்த மொட்டு அன்றைக்கு உரியது. பச்சைச் சாயல் இருந்தால் நாளைக்கோ, மறுநாளைக்கோ உரியது. அவசரப்பட்டுப் பறித்தால் அது விரியாமலே சுருங்கும். வெயில் ஏறுவதற்கு முன் பறித்துவிட வேண்டும்.

பறித்த பூவைத் தண்ணீரில் அலசாதீர்கள். ஈரப்பூவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதுதான் நாம் செய்கிற பெரிய கொடுமை. ஒரு மணி நேரத்தில் வேர்த்து, விளிம்பு பழுப்பாகிவிடும். ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து விரித்து, அதில் பரப்பி மூடி வைக்கலாம். வாழையிலையில் பொதிந்து வைத்தால் இன்னும் நல்லது. பிரிட்ஜில் வைப்பதானால் இலையில் அல்லது காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு, கீழ்த் தட்டில் வையுங்கள். உறைய வைக்கும் தட்டுப் பக்கம் போனால் கண்ணாடி போல் ஆகிவிடும். வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டுவதற்கு வாழை நாரை மிஞ்ச ஒன்றும் இல்லை. நனைத்த நார் காம்புக்கு ஈரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். நூல் காம்பை அறுக்கும். நாரில் பூக்கட்டத் தெரிந்த பெண் பிள்ளைகள் இன்று எத்தனை பேர்? ஆண் பிள்ளைகளையும் சேர்த்தே கேட்கிறேன். மாலை கட்டுகிற தொழிலில் கைதேர்ந்த ஆண்கள் கோயில் ஊர்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வீட்டுப் பையன் கட்டினால் மட்டும் என்ன குறைந்துவிடும்?

யாருடைய முழம்?

செடி வளர்த்தவர் கடைக்குப் போய்ப் பூ வாங்குவதே தனி. இதற்காகத்தான் முக்கியமாக நான் செடி வையுங்கள் என்கிறேன்.

நாம் பூவை முழத்தில் வாங்குகிறோம். யாருடைய முழம்? விற்கிறவர் கையா, வாங்குகிறவர் கையா? அதை விட முக்கியமானது, அந்த முழத்தில் எத்தனை பூ இருக்கிறது என்பது. நெருக்கிக் கட்டிய முழம் ஒன்று. விரலை நுழைத்தால் போகிற அளவுக்கு இடைவெளி விட்ட முழம் ஒன்று. இரண்டுக்கும் ஒரே விலை சொன்னால் நாமும் பேசாமல் வாங்கி வருகிறோம். விலை குறைந்ததா என்று மட்டும் பார்க்கிறோம்.

நல்ல பூவுக்குக் காம்பு பச்சையாக இருக்கும். மொட்டில் ஊதாப் புள்ளி இருக்காது. கையில் எடுத்தால் தண்ணீர் சொட்டாது. நேற்றுப் பூ, நேற்றுச் சரம், இவற்றுக்கு மேலே நாலு இன்று மொட்டு என்று கலந்திருந்தால், ஒரு நாளாவது செடியில் பூப் பறித்தவர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். மற்றவர்களுக்குத் தெரியாது.

வாங்குகிறவர் தரம் கேட்டால் விற்கிறவர் தரம் கொடுப்பார். விற்கிறவர் கேட்டால் விவசாயி கொடுப்பார். எடையையும் விலையையும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் எடையும் விலையும்தான் கிடைக்கும். "முன்பெல்லாம் மல்லிகை எப்படி மணக்கும்!" என்று பெருமூச்சு விடுகிறவர்கள், கடைசியாக எப்போது பூவை முகர்ந்து பார்த்து வாங்கினார்கள்?

தரம் கேட்பது வேறு. தெருவோரம் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது வேறு. அந்த அம்மாவின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். கத்தரிக்காய் இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். பருப்பு அடுத்த மாதம் விற்கும். பூ? இரவு எட்டு மணிக்குக் கூடையில் மிஞ்சியது குப்பை. காலையில் உதிரிப் பூவாக எடைக்கு வாங்கி, பகல் முழுவதும் குனிந்து கட்டி, சாயங்காலம் மூன்று மணி நேரத்துக்குள் விற்றுத் தீர்த்தாக வேண்டும். மழை வந்தால் அவ்வளவுதான்.

அதற்கும் பின்னால் தோட்டத்தில் இன்னொரு பெண் இருக்கிறாள். விடிவதற்கு முன்னால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்ப் பறிக்கிறவள். மல்லிகையைக் கொத்தாக உருவ முடியாது. மொட்டு மொட்டாகக் கிள்ள வேண்டும். ஒரு கிலோவுக்குப் பல ஆயிரம் மொட்டு! காலையில் நாம் எழுந்திருக்கும்போது அவளுடைய வேலை பாதி முடிந்திருக்கும். வீட்டுச் செடியில் ஒரு நூறு மொட்டுப் பறித்துப் பாருங்கள். இடுப்பு சொல்லும் கணக்கை.

விவசாயிக்கு நஷ்டம் இல்லையா?

சிலர் கேட்கலாம்: "எல்லோரும் வீட்டிலேயே வளர்த்துக்கொண்டால் விவசாயி எங்கே போவான்?" கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒரு தொட்டிச் செடி பருவத்தில் தினம் ஒரு கைப்பிடி மொட்டுக் கொடுக்கும். கல்யாணத்துக்குக் காணாது. கோயில் மாலைக்குக் காணாது. பனிக்காலத்தில் அதுவும் நின்றுவிடும். அப்போது கடைக்குத்தான் போக வேண்டும். கோடையில் வீட்டுப் பூ கடைப் பூவுக்குக் கொஞ்சம் போட்டியாகும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் விவசாயிக்கு வந்திருக்கும் பெரிய ஆபத்து இந்தத் தொட்டி அல்ல. பூ வைக்கிற பழக்கமே விட்டுப்போவதுதான் ஆபத்து. வாரத்தில் ஆறு நாள் பூ இல்லாமல் பழகிய பெண் ஏழாவது நாளும் இல்லாமல் இருந்துவிடுவாள். வீட்டில் செடி இருந்தால் தினம் பூ. தினம் பூ வைத்துப் பழகியவள் மார்கழியிலும் தேடி வாங்குவாள்.

கோடையில் மிஞ்சுகிற பூ வாசனைத் தொழிற்சாலைக்குப் போகிறது. ஆயிரம் கிலோ பிச்சிப் பூவைப் போட்டால் மெழுகு போன்ற வாசனைப் பொருள் ஏறக்குறைய மூன்று கிலோ கிடைக்கும். வெளிநாட்டு வாசனைத் திரவியங்களில் நம் ஊர்ப் பூவின் சத்து இருக்கிறது. அதில் விவசாயியின் கைக்கு வருவது அன்றைய அடிமாட்டு விலை. பூ விளைகிற வட்டாரங்களிலேயே, விவசாயிகள் கூட்டாக நடத்தும் குளிர் அறையும், சிறு வடிப்பு நிலையங்களும் வேண்டும். விலை விழுகிற நாளில் கொட்டுவதற்குப் பதிலாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடமாவது அவனுக்கு இருக்கும். தேர்தல் காலத்தில் இந்தப் பேச்சு வருகிறது. தேர்தல் முடிந்ததும் பூவைப் போலவே வாடிவிடுகிறது.

பூ யாருக்கு?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் பாட்டிதான். காலையில் மொட்டைப் பார்த்து எண்ணி வைப்பதும் அவர்தான். மடியில் பூவைக் கொட்டிக்கொண்டு, நாரை நனைத்து, பேத்திக்குச் சரம் கட்டுவதும் அவர்தான். கட்டி முடித்ததும் முதல் துண்டு சாமிக்கு. அடுத்தது மருமகளுக்கு. அடுத்தது பேத்திக்கு. பாட்டிக்கு? தாத்தா போய்விட்டார், ஆகவே பாட்டிக்குப் பூ கிடையாது!

பிறந்த வீட்டில் குழந்தையாக இருந்தபோதே அவர் தலையில் பூ இருந்தது. அதைக் கணவன் கொண்டுவந்து கொடுக்கவில்லை. அவன் போகும்போது எடுத்துக்கொண்டு போவதற்கு அதில் என்ன உரிமை? இந்த வழக்கம் எத்தனையோ வீடுகளில் தளர்ந்துவிட்டது. எத்தனையோ வீடுகளில் இன்னும் தளரவில்லை. சட்டம் போட்டு மாற்ற முடியாத காரியம் இது. பேத்தி நினைத்தால் மாற்றலாம். சரத்தில் ஒரு விரற்கடை கிள்ளி, பாட்டியின் கொண்டையில் செருகிவிட்டு, "இருக்கட்டும் பாட்டி" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட வேண்டும். பாட்டி எடுத்துப் போட்டால் மறுநாளும் செருக வேண்டும்.

கன்று வாங்கும்போது

ஆடியில் தொடங்கி ஐப்பசி வரை நடலாம். மழை ஈரத்தில் வேர் சீக்கிரம் பிடிக்கும். நர்சரியில் பூத்துக் குலுங்குகிற செடியைப் பார்த்து மயங்காதீர்கள். பூவோடு இடம் மாறும் செடி பெரும்பாலும் மொட்டைக் கொட்டிவிட்டு மாதக் கணக்கில் முறைத்துக்கொண்டிருக்கும். அடியில் நாலைந்து கிளை உள்ள, இலை பளபளப்பாக உள்ள கன்றைக் கேளுங்கள். பையின் அடியில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நல்ல கன்று. நட்ட முதல் ஒரு வாரம் லேசான நிழலில் வைத்து, பிறகு வெயிலுக்கு நகர்த்துங்கள். முதல் வருடம் வருகிற பூவை எண்ணிவிடலாம். இரண்டாவது கார்த்திகையில் கவாத்துச் செய்த பிறகுதான் செடி தன் கையைக் காட்டும்.

பணம் கொடுத்து வாங்க வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்து வீட்டில் கார்த்திகையில் கவாத்துச் செய்யும்போது, தூக்கி எறிகிற குச்சியில் பென்சில் தடிமனுக்கு நாலு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் நீளம் போதும். கீழே உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் பாதி ஆழம் செருகி, நிழலில் வையுங்கள். நாலில் ஒன்றோ, இரண்டோ துளிர்க்கும். பிடுங்கிப் பார்க்கும் ஆசையை மட்டும் இரண்டு மாதம் அடக்கிக்கொள்ளுங்கள்.